கால் கழுவிவிட்டு வந்து நில்லுங்கள்

பொன்னுலிங்கம் இறந்துபோன நாளன்று காலை ஆறு இருபதுக்கு, அவனுடைய இடது குதிகாலில் ஒட்டியிருந்த பசை தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறது என்று நான் கைரேகை வைத்திருக்கிறேன். பதினொன்றரைக்கு ஆள் இல்லை.

ஏழு மணி வாக்கில் உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு, குளிருது என்றான். சித்திரை மாதம் உப்பளத்தில் நின்றுகொண்டு ஒருவன் குளிருகிறது என்றால் சுற்றியிருப்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். நானும் சிரித்தேன். "போர்வை கொண்டாரவா மாப்ள?" என்றுகூடக் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. எட்டு மணிக்குக் கொட்டகை நிழலில் போய்ப் படுத்தான். ஒன்பதுக்கு அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பத்து மணிக்குப் பாதத்திலிருந்து முழங்கால் வரை கத்தரிக்காய் நிறம் ஏறியிருந்தது. குதிகாலில் நாணயம் அகலத்துக்கு இருந்த அந்தப் பசை மட்டும், நடப்பதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலக் கண்ணாடியாக மின்னிக்கொண்டிருந்தது.

அவன் காதில் விழுந்த கடைசி வேடிக்கைப் பேச்சு என்னுடையது. அதுவும் சுமாரான ஒன்று.

என் பெயர் தைரியநாதன். ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்கு எதிர்காலம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் பல்லிக்குப் பயப்படுவேன். லிஃப்டுக்கு, இடிக்கு, அடுத்த வீட்டுக்காரர் தும்மலுக்கு. எல்லாவற்றையும்விடக் காயத்துக்கு. இப்படிப்பட்டவனைத்தான் காயப் பாதுகாப்பு வாரியம் உப்பளத்துக்குப் பசைப் பார்வையாளராக அனுப்பி வைத்தது. விளம்பரத்தில் 'பசை' என்று பார்த்துவிட்டு, தபால் ஆபீஸ் வேலை என்று நினைத்து மனுப் போட்டவன் நான்.

மாத்திரைகள் ஒவ்வொன்றாகத் தோற்ற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சளிக்கும் தலைவலிக்கும் பரீட்சை ஜுரத்துக்கும் மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கி, இரண்டு வேளை போட்டு, மூன்றாவது வேளை மறந்து, மிச்சத்தைக் கொலுப் பொம்மைப் பெட்டியில் போட்டு வைத்தோம். கிருமிகள் நம்மைவிட ஒழுங்காகப் படித்தன. கடைசியில் வேலை செய்கிற மருந்து ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அதையும் நம் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். அதை மாத்திரையாகவோ ஊசியாகவோ செய்வதே குற்றம் என்று சட்டம் வந்தது. இப்போது அந்த மருந்து இருப்பது பசைக்குள் மட்டும்.

ஜிகர்தண்டாவில் மிதக்கும் கடல்பாசித் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வழவழப்பு, அதே குளிர்ச்சி. இந்த வேலைக்கு வந்த பிறகு நான் ஜிகர்தண்டா குடிப்பதில்லை. பசையில் முக்கால்வாசி தண்ணீர், மீதி, வலை மாதிரிப் பின்னிய இழைகள், வலைக்குள் மருந்து. கீறலின்மேல் வைத்தால் தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காவல் இருக்கும். கிருமிகள் கூட்டம் சேர்க்கும்போது ஒன்றுக்கொன்று ஒரு வாசனை விட்டுத் தகவல் சொல்லிக்கொள்ளுமாம். அந்த வாசனை பட்டால் வலை திறக்கும், மருந்து இறங்கும், பசை நீலமாகும். மருந்து எப்போது, எவ்வளவு என்பதையெல்லாம் டாக்டர் தீர்மானிப்பதில்லை. பசைதான். அதனிடம் சிபாரிசு செல்லாது.

நீலமானால் அன்றைக்கே தீவு முகாமுக்குப் போக வேண்டும். கிருமி முழுதாகச் செத்ததா என்று அங்கே பார்ப்பார்கள். சாகவில்லை என்றால், அது மற்றவர்களுக்குப் பரவும் முன், இருக்கிற இடத்தோடு எடுத்துவிடுவார்கள். எங்கள் அளத்திலிருந்து இரண்டு வருடத்தில் ஏழு பேர் போனார்கள். நான்கு பேர் வந்தார்கள். அந்த நான்கு பேருக்கும் சேர்த்து ஆறு கால்கள். உப்பளத்தில் கால்தான் எல்லாம். அதனால் நீலம் என்ற நிறத்தையே அங்கே யாரும் உடுத்த மாட்டார்கள்.

என் வேலை மிக எளிது. காலையில் நாற்பத்தொரு பேர் பூட்ஸ் போடும் முன் வரிசையில் நிற்பார்கள். நான் குனிந்து ஒவ்வொரு காலையும் பார்த்து, கருவியில் தெளிவு அல்லது நீலம் என்று பதிந்து கைரேகை வைக்க வேண்டும். குனிவதுதான் பிரச்சினை. வெடித்த குதிகால், நகக்கண்ணில் சேறு, நடுவே அந்த வழவழா. எனக்கு வாய்க்குள் புளிப்புத் தண்ணீர் ஊறும். ஐப்பசி மழைக்குப் பிறகு வேலை தொடங்கியபோது ஒரு நாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"இனிமே எல்லாரும் கால் கழுவிட்டு வந்து நில்லுங்க."

எந்தத் தண்ணீரில் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து கால்கள் பளபளவென்று வந்தன. நானும் சும்மா இருக்கவில்லை. கழுவுவது எப்படி என்று திங்கட்கிழமைதோறும் என் இடது கையைக் கழுவிக் காட்டுவேன். அந்த உள்ளங்கையிலும் ஒரு பசை உண்டு. பூட்ஸ் பக்கிள் கீறியது. வேறு யாராவது என்றால் எச்சில் தொட்டு வைத்திருப்பார்கள். நான் வாரியத்துக்கு இரண்டு விண்ணப்பம் போட்டுப் பசை வாங்கி ஒட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் எங்கள் அளத்தில் ஒரு நீலம் இல்லை. வாரியம் 'நீலமில்லா அளம்' என்று சான்றிதழ் அனுப்பியது. கொட்டகையில் ஆணி அடித்து மாட்டினேன். அளத்து ஆட்களும் என்னைக் கொண்டாடினார்கள். கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்த சந்தனமாரி அக்கா பதநீர் கொண்டு வருவார், காரப்பொடி மீன் கருவாடு பொட்டலம் கட்டித் தருவார். என் வேடிக்கைப் பேச்சுக்குக் கிடைக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பொன்னுலிங்கம் செத்தது அந்தச் சான்றிதழுக்கு நேர் கீழே.

*

அடுத்த நாள் காலை, வரிசையைப் பார்த்து முடித்து எல்லோரும் பாத்திக்குள் இறங்கிய பிறகு போன் வந்தது. பசை தயாராகும் ஆய்வகத்திலிருந்து டாக்டர் மைமூன். பொன்னுலிங்கத்தின் காலிலிருந்து எடுத்த பசை அவரிடம்தான் போயிருந்தது. நான் போனிலேயே அறிந்த பெண்மணி. எப்போதும் எதையாவது கடித்துக்கொண்டே பேசுவார். அன்று முறுக்கு.

"தைரியநாதன், அந்த ஆளு கால உப்புத் தண்ணில வச்சானா?"

"இல்லிங்க மேடம். பாத்திக்குள்ள எறங்கும்போது எல்லாரும் முழங்கால் பூட்ஸ். நானே செக் பண்ணுவேன்."

"பூட்ஸ் போடுறதுக்கு முன்னாடி?"

"முன்னாடி… கால் கழுவுவாங்க."

முறுக்கு நின்றது.

"எதுல?"

கொட்டகை வாசலில் இருந்து பார்த்தால் அந்தக் குழி தெரியும். உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சுகிற, எண்ணெய் மாதிரிக் கனத்த கசப்புத் தண்ணீர் ஓடி வந்து தேங்கும் குழி. அளத்தில் நல்ல தண்ணீர் என்றால் ஆளுக்கு ஒரு கேன், அதுவும் லாரியில் வருவது, குடிப்பதற்கு. அதில் யாராவது கால் கழுவுவார்களா? நானே கழுவவில்லையே. என் கேனை மூடி போட்டு, என் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, அந்தக் குழியில்தான் செயல்முறை விளக்கம் கொடுத்தேன்.

"மேடம், இங்க ஒரு குழி இருக்கு," என்றேன். என் குரல் எனக்கே பக்கத்து அறையில் கேட்பதுபோல் இருந்தது.

"மாங்காய்க்கு உப்பு போட்டு ஜாடில வச்சா என்னாகும்?"

"தண்ணி விடும். சுருங்கும்."

"பசையும் அதான். உப்புல சுருங்கிடும். அந்தக் கசப்புத் தண்ணில இருக்கிறது சாதா உப்புகூட இல்ல, வலைக் கண்ணையெல்லாம் தையல் போட்டு மூடிடும். வெளியில எத்தன கிருமி கூடிக் கூச்சல் போட்டாலும் உள்ள வாசனை போகாது. நீலமும் ஆகாது. பாக்க அழகா, தெளிவா இருக்கும்."

"அப்ப மருந்து உள்ளயே இருக்குமில்ல மேடம்?" ஏதாவது ஒரு நல்ல செய்தி வேண்டியிருந்தது எனக்கு.

"மாங்கா தண்ணி விட்டுச்சுல்ல? சுருங்கும்போதெல்லாம் மருந்தையும் சொட்டுச் சொட்டாப் பிழிஞ்சிருக்கும். கிருமியக் கொல்ல அது பத்தாது. பழகிக்கப் போதும்." கொஞ்சம் நிறுத்தினார். "பொன்னுலிங்கம் கால்ல இருந்தது பழக ஆரம்பிச்சிருக்கு தைரியநாதன். நம்மகிட்ட இதுக்கு மேல வேற மருந்து கெடையாது. எத்தன பேர் கழுவினாங்க?"

"நாப்பது. என்னோட நாப்பத்தொண்ணு."

பதில் வரவில்லை. நான் ஹலோ சொன்னேன். அவர் மூச்சு விடுவது கேட்டது. வாயாடியான ஒரு டாக்டர் பேசாமல் மூச்சு மட்டும் விடுவதைக் கேட்டிருக்கிறீர்களா? பல்லி, இடி, லிஃப்ட் எல்லாம் எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன.

"நல்ல தண்ணி இருக்கா?" என்றார் கடைசியில். "ஒவ்வொருத்தர் பசையையும் அரை மணி நேரம் நல்ல தண்ணில ஊற வைங்க. வலை விரியும். கிருமி இருந்தா நீலமாகும், மிச்ச மருந்து எறங்கும். உடனே முகாமுக்கு அனுப்புங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள. நாளைக்குன்னு வச்சிக்காதீங்க."

"நீலமாகலைன்னா தப்பிச்சாங்க, இல்லையா மேடம்?"

"ரெண்டு அர்த்தம் இருக்கு. கிருமியே இல்லன்னாலும் தெளிவா இருக்கும். பிழிஞ்சு பிழிஞ்சு பசையே காலியாகிட்டாலும் தெளிவாத்தான் இருக்கும். எதுன்னு முகாம்ல வெட்டி எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப அவங்களையும் அனுப்பிடறேன்."

"நீலம்னு பதிவு இல்லாதவங்கள முகாம் படகுல ஏத்த மாட்டாங்க. அது சட்டம். மாத்த நான் எழுதிப் போடுறேன். பதினஞ்சு நாள் ஆகும்." பின், மெதுவாக, "பொன்னுலிங்கத்துக்கு எத்தன மணி நேரம் ஆச்சு?"

"அஞ்சு," என்றேன்.

*

அடுத்து நான் செய்ததை மறைக்க முடியாது. நாற்பது சாட்சிகள் இருக்கிறார்கள். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன். திருநெல்வேலியில் என் தங்கை வீடு இருக்கிறது. அங்கே ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, குழாயில் நல்ல தண்ணீர். நான் மட்டும் கையை ஊற வைத்துக்கொண்டு போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம். வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பியும்விட்டேன்.

"எங்க சார் கெளம்பிட்டிய?"

சந்தனமாரி அக்கா. தலையில் துண்டு, முழங்கால் வரை பூட்ஸ், கையில் பலகை.

"பெட்ரோல் போட்டுட்டு வந்துர்றேன்க்கா."

"பேட்டரி வண்டிக்கா?"

நான் இறங்கிவிட்டேன். பொய்கூட ஒழுங்காக வராதவன் எங்கே ஓடுவது?

"மூஞ்சி ஏன் சார் இப்பிடி வெளுத்துக் கெடக்கு? பொன்னுலிங்கத்த நெனச்சியளா? நேத்துல இருந்து எங்களுக்கும் சோறு எறங்கல. ஆனா அது அவன் நேரம் சார். பசை தெளிவாத்தான இருந்திச்சு."

"தெளிவா இருந்ததாலதான்க்கா செத்தான்."

டாக்டர் சொன்னதை மாங்காயோடு சேர்த்துச் சொன்னேன். பாதிச் சொல்லும்போதே அவர் பலகையைத் தரையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப உங்களுக்குத் தெரியாதா?"

"எது?"

"குழியில முக்குனா நீலம் போயிரும்னு." பேச்சு திக்கியது அவருக்கு. "நீங்க கழுவச் சொன்ன மொத நாளே பாத்தோம் சார். அந்தோணியம்மா கால்ல லேசா நீலம் தட்டியிருந்திச்சு. அழுதுக்கிட்டே முக்குனா. போயிட்டு. நாங்க எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். சாருக்குத் தெரிஞ்சிதான் சொல்லுதாரு, வாயத் தொறந்து சொன்னா வேல போயிரும்னு சாடையாச் சொல்லுதாருன்னு நெனச்சோம். முகாமுக்கு அனுப்பாமக் காப்பாத்த ஒரு வழி சொல்லித் தந்த மனுசன்னு…" நிறுத்தினார். "செவ்வாக்கெழம கோயில்ல விளக்குப் போடும்போது உங்க பேருக்கும் சேத்துத்தான் சார் போடுதேன். வேதக்காரரா இருந்தா என்னன்னு."

பதநீர். கருவாடு. என் வேடிக்கைப் பேச்சு.

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் உப்புக் குவியல் என்பதைக் கொஞ்ச நேரம் கழித்து என் வேட்டி சொன்னது.

"யக்கா, எனக்குக் கால் பாக்க அருவருப்பா இருந்துச்சு. குமட்டிக்கிட்டு வந்துச்சு. அதுக்குத்தான் கழுவச் சொன்னேன். வேற ஒண்ணுமே இல்ல."

அளத்தின் வெள்ளையில் கண் கூசித் தண்ணீர் வந்தது. பாத்திகளில் ஆட்கள் பலகை இழுக்கும் சரக், சரக் சத்தம் மட்டும். ஒவ்வொரு சரக்கிலும் ஒரு கால் இருக்கிறது, அதில் ஒரு மூடிய கண்ணாடி இருக்கிறது, அதற்கடியில் என்ன கூடிக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அட பாவி மனுசா," என்றார் அக்கா. திட்டுகிற குரல் அல்ல. கீழே விழுந்த பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

"என் கால்ல நாலு நாளா ஒரு சூடு இருக்கு சார்," என்றார் பிறகு. "பூட்ஸ் சூடுன்னு நெனச்சேன்."

"கூப்பிடுங்கக்கா எல்லாரையும்."

"கூப்புடுதேன். வந்தா என்ன கேப்பாவன்னு தெரியுமில்ல? முகாமுக்குப் போன்னு சொல்ல வாரியத்துல நூறு பேரு இருக்காவ. கூட வாரேன்னு எவன் சொன்னான்?" என் இடது கையைப் பார்த்தார். "உங்க கைய மொதல்ல ஊற வைங்க. அவிய முன்னாடி. அது நீலமானா நீங்களும் படகு ஏறணும். சம்மதமா?"

எனக்குப் படகும் பயம். சொல்ல மறந்துவிட்டேன்.

*

நாற்பது பேரும் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். பூட்ஸ்கள் வெளியே வரிசையாக, ஆள் இல்லாமல் நின்றன. நான் பேசினேன். எப்போதும் முதல் வரியில் ஒரு வேடிக்கை வைப்பவன், அன்று எதுவும் அகப்படவில்லை. கழுவச் சொன்ன காரணத்தையும் சொன்னேன். யாரோ காறித் துப்பியது கேட்டது. சரிதான்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு கேன். தலைத் துண்டை நனைத்துக் காலில் சுற்றுவது என்று முடிவு. துண்டிலும் உப்பு, அதை அலசவே பாதிக் கேன் போனது. சித்திரை வெயிலில், நாக்கு வறண்டவர்கள், குடிக்கிற தண்ணீரைச் சிறுகச் சிறுகத் தங்கள் காலுக்கு ஊற்றினார்கள். நான் என் கேனை என் கைமேல் சாய்த்தேன். ஒற்றைக் கையில் கேன் நிற்காமல் பாதி மண்ணுக்குப் போயிற்று. அந்தோணியம்மா என்னும் அந்த மெலிந்த பெண் எழுந்து வந்து, கேனை வாங்கி, தன் கேனில் மிஞ்சியதையும் சேர்த்து எனக்கு ஊற்றினாள்.

அரை மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்று அளந்து பார்த்தேன். சொல்ல மாட்டேன்.

முதலில் துண்டை அவிழ்த்தது சந்தனமாரி அக்கா. குதிகாலில் இருந்த பசை புடைத்து, சங்குப்பூவைக் கசக்கி வைத்த மாதிரி நீலமாக இருந்தது. நுனியில் இல்லை, லேசாக இல்லை, முழுதாக, ஆழமாக. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலை மற்றவர்களுக்குக் காட்டினார்.

"நீலம்னா மருந்து எறங்குதுன்னு அர்த்தம்," என்றேன். "நல்லதுதான்." என் பல் அடித்துக்கொண்டது.

"நல்லதச் சொல்லும்போது பல்லக் கடிக்காதிய சார்," என்றார் அவர்.

அந்தோணியம்மா, நீலம். அடுத்தவர், நீலம். அதற்கடுத்தவர் தெளிவு. யாரும் அழவில்லை; அழுதிருந்தால் தேவலை. துண்டு அவிழும் ஈரச் சத்தமும், மூச்சை உள்ளே இழுக்கும் சத்தமும் மட்டும் மாறி மாறி வந்தன. முடிவில் பதினேழு பேர் நீலம். இருபத்துமூன்று பேர் தெளிவு. தெளிவானவர்கள் நீலமானவர்களைப் பார்க்காமல், மெல்ல, சத்தம் வராமல் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இசக்கிப்பாண்டி என்பவர் பூட்ஸை எடுக்கவே எழுந்துவிட்டார். முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

என் கையை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அக்கா பக்கம் நீட்டினேன்.

"தண்ணி மாதிரி இருக்கு சார்," என்றார்.

ஆறு மாதமாகத் தினமும் காலையில் அவர் தன் காலைப் பற்றி என்னிடம் சொன்ன அதே சொற்கள். கண்ணைத் திறந்தேன். உண்மைதான். உள்ளங்கை ரேகைகூடத் தெரிந்தது அதற்குள். சட்டப்படி நான் வீட்டுக்குப் போகலாம். தங்கை வீடு, கட்டில், மின்விசிறி.

ரெண்டு அர்த்தம் இருக்கு.

வாழ்க்கையில் எப்போதும் நீலத்துக்குப் பயந்தவன், ஈரக் கையை முகத்தருகே வைத்துக்கொண்டு, ஆகித் தொலையேன், கொஞ்சமாவது ஆகேன் என்று கெஞ்சினேன். அது கேட்கவில்லை. சிபாரிசு செல்லாது என்று நான்தான் சொன்னேனே.

"இசக்கியண்ணே, பூட்ஸ வைங்க," என்றேன். தெளிவுக்கு இருக்கும் இன்னோர் அர்த்தத்தையும் சொன்னேன். அவர் முகத்து வெளிச்சம் அணைவதை நானே பார்க்க வேண்டியிருந்தது. நீலம் என்று பதிவில்லாமல் படகில் ஏற்ற மாட்டார்கள் என்பதையும் சொன்னேன்.

"அப்ப நாங்க என்ன செய்ய?" என்றார். "வீட்டுல போய்ப் படுத்துக்கிட்டுக் குளிருதான்னு பாத்துக்கிட்டு இருக்கவா?"

நான் கருவியை எடுத்தேன். வழக்கமாக எட்டத்தில் இருந்தே எழுதுவேன். அன்று ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார்ந்தேன். காலைக் கையில் எடுத்து, பசையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தேன். குமட்டல் வரவில்லை. பயம் அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது போல. பிறகு பெயருக்கு நேரே பதிந்தேன். நீலம். கைரேகை. அடுத்த கால். நீலம். கைரேகை. இசக்கிப்பாண்டியின் கால், கண்ணாடி மாதிரி. நீலம். கைரேகை.

அக்கா தோள்மேல் குனிந்து திரையைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் நீலம்னு போடுதிய."

"வெயில்ல கண்ணு சரியாத் தெரியலக்கா."

கடைசியில் என் பெயர். அதற்கு நேரேயும் அதையே போட்டேன். பொய்ப் பதிவுக்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த அன்று பயத்தில் அதை மூன்று தடவை படித்திருக்கிறேன்.

"சார்," என்றார் அக்கா, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "இந்தத் தடவ தெரிஞ்சுதான் செய்யுதியளா?"

"தெரிஞ்சுதான்க்கா."

அவர் நிமிர்ந்து, தன் கேனில் அடியில் மிச்சமிருந்த இரண்டு வாய்த் தண்ணீரை என்னிடம் நீட்டினார். குடித்தேன்.

*

இதை முகாமில் இருந்து எழுதுகிறேன். யாரும் இதைத் தைரியம் என்று நினைத்துவிடக் கூடாது. என் கையில் இருப்பது காலிப் பசையாக இருந்தால் எனக்கும் ஐந்து மணி நேரம்தான், பயந்துதான் வந்தேன். படகில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.

வந்து இரண்டு நாள் ஆகிறது. நீலமானவர்களில் பதினாறு பேருக்கு மருந்து வேலை செய்கிறதாம். பதினேழாவது ஆள் அந்தோணியம்மா. தாழ்வாரக் கடைசியில் ஒரு அறை இருக்கிறது, கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. நேற்றுப் பகலில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அறைக்குள்ளிருந்து ஒரு சின்ன இயந்திரத்தின் சத்தம் கேட்டது, தையல் மிஷின் மாதிரி. அது நின்ற பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கால் போயிற்று. உயிர் இருக்கிறது. கண் விழித்ததும், தனக்கு ஊற்றிக்கொள்ளாமல் சாருக்கு ஊற்றினோமே அதனாலயா என்று கேட்டாளாம். இல்லை என்று டாக்டர் மைமூன் போனில் சொன்னார். நான் நம்ப முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

தெளிவானவர்களின் பசையை இன்று வெட்டி எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். பெயர் வரிசையில் எனக்கு முன்னால் இருபது பேர். சற்று முன், நீலமானவர்களையும் சேர்த்து எல்லோரையும் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள். பொய்ப் பதிவை இன்னும் யாரும் கேட்கவில்லை; கேட்பார்கள். எனக்குக் குளிருகிற மாதிரி இருக்கிறது. மேலே மின்விசிறி ஓடுகிறது, அதனால் இருக்கலாம். மின்விசிறியை நிறுத்திப் பார்க்க எனக்குப் பயம்.

சிவப்பு விளக்கு அறையிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். மூக்கைச் சுளித்தபடி எங்கள் வரிசையை ஒரு முறை பார்த்தார். அந்தச் சுளிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

"எல்லாரும் கால் கழுவிட்டு வந்து நில்லுங்க," என்றார்.

ஒருவரும் அசையவில்லை. அந்தோணியம்மா இல்லாத அந்த வரிசையில் முப்பத்தெட்டுத் தலைகள் என் பக்கம் திரும்பின. நான் தரையைப் பார்த்தேன்.

சந்தனமாரி அக்கா மட்டும் நர்ஸைப் பார்த்தார்.

"எந்தத் தண்ணியில சிஸ்டர்?" என்றார்.